உங்களுக்குத் தெரியுமா? புது லேப்டாப் வாங்கும் முன்...

சந்தைக்கு வந்த முதல் வாரத்திலேயே வாங்கிவிடத் துடிப்பவர்கள் 2011 ஜனவரியை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். இன்டெல்லின் 'சாண்டி பிரிட்ஜ்' சில்லுகள் அந்த மாதம் 9ஆம் தேதி விற்பனைக்கு வந்தன. 31ஆம் தேதி இன்டெல்லே முன்வந்து, கூட வரும் சிப்செட்டில் வடிவமைப்புப் பிழை இருக்கிறது, ஹார்டு டிஸ்க் இணைப்புகளில் சில நாளடைவில் பலவீனமாகலாம் என்று சொல்லி விநியோகத்தை நிறுத்தியது. பழுதுபார்க்கவும் மாற்றித் தரவும் ஆகும் என்று அது போட்ட கணக்கு 70 கோடி டாலர். ஆறு இணைப்புகளில் நான்கில்தான் பிழை. முதல் இரண்டை மட்டும் பயன்படுத்திய லேப்டாப்கள் தப்பித்தன. வாங்கியவர்களின் சாமர்த்தியம் அதில் ஏதும் இல்லை, அதிர்ஷ்டம்தான்.

*

'அடுத்த மாடல் வரப்போகுதாம், கொஞ்சம் பொறு' என்ற பேச்சு ஒரு கம்பெனியையே கவிழ்த்தது என்று கணினி உலகில் ஒரு கதை உண்டு. அதன் நாயகன் நம்ம ஊரில் வளர்ந்தவர்.

பெயர் ஆடம் ஆஸ்பர்ன். 1939இல் பாங்காக்கில் பிறந்தார். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் ஆங்கிலேயர், ரமண மகரிஷியின் வரலாற்றை எழுதியவர், ரமணாசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கி நடத்தியவர். தாய் போலந்துக்காரர். ஆடம் திருவண்ணாமலையில் வளர்ந்து, கொடைக்கானலில் படித்து, பிறகு இங்கிலாந்து போய், அங்கிருந்து அமெரிக்கா சேர்ந்தார். 1981 ஏப்ரலில் அவர் அறிமுகப்படுத்திய 'ஆஸ்பர்ன் 1', கையில் தூக்கிப் போகத்தக்க கணினிகளில் வணிகரீதியாக வென்ற முதல் கணினி. எடை 11 கிலோ. திரை 5 அங்குலம். நினைவகம் 64 கேபி. விலை 1,795 டாலர், அதிலேயே வேர்ட்ஸ்டார், சூப்பர்கால்க் போன்ற மென்பொருள்களும் அடக்கம். மாதத்துக்கு 10,000 வரை விற்ற காலமும் உண்டு.

1983 தொடக்கத்தில் அடுத்த மாடல்களைப் பற்றிய பேச்சு முன்கூட்டியே வெளியே வந்தது. கடைக்காரர்கள் பழைய மாடலுக்குக் கொடுத்திருந்த ஆர்டர்களை ரத்து செய்தார்கள், புதியதோ இன்னும் தயாராகவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் கம்பெனி திவால். வணிகப் பாடப்புத்தகங்களில் இதற்கு 'ஆஸ்பர்ன் விளைவு' என்றே பெயர். ஆனால் கதை அவ்வளவு சுத்தமானதில்லை. அதே 1,795 டாலருக்கு 9 அங்குலத் திரையோடு கேப்ரோ என்ற போட்டியாளர் வந்ததும் ஐபிஎம்மின் எழுச்சியும்தான் உண்மையான அடி என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் இருக்கிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. பேச்சைக் கேட்டு ஜனம் காத்திருந்தது என்பதைவிட, பக்கத்துக் கடையில் பெரிய திரை கிடைத்தது என்பது நம்பக்கூடிய காரணம்.

உடல்நலம் குன்றிய ஆடம் 1990களில் இந்தியா திரும்பி, கொடைக்கானலில் சகோதரியோடு வாழ்ந்து 2003 மார்ச்சில் அங்கேயே காலமானார்.

*

பெட்டி புதிது, உள்ளே இருக்கும் சரக்கு பழையது. இது நடக்கும், சட்டப்படியே நடக்கும். ஏஎம்டி-யின் 'ரைசன் 5 7520யு' என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கமான 7, இது 2023ஆம் ஆண்டு வரிசை என்கிறது. அடுத்த 5 தர வரிசை. விஷயம் மூன்றாவது இலக்கத்தில் இருக்கிறது. அங்கே 2 என்றால் உள்ளே இருப்பது 'ஜென் 2', அதாவது 2019இல் வந்த வடிவமைப்பு. 'ரைசன் 5 7640யு' என்றால் மூன்றாவது இலக்கம் 4, ஆக 'ஜென் 4'. இரண்டின் ஸ்டிக்கரிலும் 'ரைசன் 5' என்றுதான் இருக்கும், இரண்டும் 7000 வரிசைதான். வேகத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

*

இந்தப் பெயர் விளையாட்டை 2023 டிசம்பரில் இன்டெல் கடுமையாகக் கிண்டல் செய்தது. 'கோர் ட்ரூத்ஸ்' என்ற விளம்பரத்தில் ஏஎம்டி-யைப் போலி மருந்து விற்பவரோடு ஒப்பிட்டது, கொஞ்ச நாளில் சத்தமில்லாமல் அதை எடுத்தும்விட்டது. அடுத்த மாதமே 'கோர் 5 120யு', 'கோர் 7 150யு' என்று புதுப் பெயர்களோடு இன்டெல் வெளியிட்ட சில்லுகளின் உள்ளே இருந்தது 13ஆம் தலைமுறையின் அதே வடிவமைப்பு. புதிய வடிவமைப்பு வேண்டுமானால் பெயரில் 'அல்ட்ரா' என்ற சொல் இருக்கிறதா என்று அப்போது பார்க்க வேண்டியிருந்தது.

*

'ஐ5 போதுமா சார், ஐ7 போட்டுக்கலாமா?' கடையில் எல்லோரும் கேட்கும் கேள்வி. 13ஆம் தலைமுறையின் மெல்லிய லேப்டாப் சில்லுகளான ஐ5 1335யு, ஐ7 1355யு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் 10 கோர்கள். இரண்டிலும் 12 எம்பி கேஷ். இரண்டுக்கும் அடிப்படை மின்திறன் 15 வாட். உச்ச வேகம் ஒன்றில் 4.6 கிகாஹெர்ட்ஸ், மற்றதில் 5.0. கிராபிக்ஸ் அலகுகள் 80க்கு 96. அந்த உச்ச வேகத்தையும் சூடு ஏறும்வரை சில நொடிகளுக்குத்தான் பார்க்கலாம். மெல்லிய உடலில் காற்றாடி எவ்வளவு சூட்டை வெளியேற்றும் என்பதுதான் அதற்குப் பிறகு வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஐ7-க்குக் கேட்கும் கூடுதல் பணத்தில் 8 ஜிபி ராமை 16 ஆக்க முடிந்தால், என் ஓட்டு ராமுக்கே.

*

புதியது பழையதைவிட மெதுவாக இருக்க முடியுமா? 2022இல் வந்த எம்2 மேக்புக் ஏர் அப்படி ஒன்று. முந்தைய எம்1 ஏரின் 256 ஜிபி மாடலில் 128 ஜிபி சில்லுகள் இரண்டு இருந்தன, தரவு இரண்டிலும் ஒரே நேரத்தில் ஓடும். எம்2-வில் ஆப்பிள் 256 ஜிபி-யை ஒரே சில்லாகப் போட்டது. எம்1-இல் நொடிக்கு ஏறக்குறைய 2,900 எம்பி என்றிருந்த படிக்கும் வேகம் 1,500 பக்கம் இறங்கிவிட்டது. 512 ஜிபி வாங்கியவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. இதே குறையை முதலில் வெளிக்கொண்டு வந்தவர்கள், அதற்குச் சற்று முன் வெளியான எம்2 மேக்புக் புரோவின் அடிப்படை மாடலைக் கைக்காசு போட்டு வாங்கிப் பிரித்துப் பார்த்த யூடியூபர்கள். விமர்சனங்களுக்குப் பெரும்பாலும் உயர்ந்த கான்ஃபிகரேஷன்தான் போகும். விமர்சகர் புகழும் லேப்டாப்பும் நீங்கள் வாங்கப்போகும் லேப்டாப்பும் ஒரே பெயர் கொண்ட வெவ்வேறு பொருள்களாக இருக்கலாம். விமர்சனத்தைப் படிக்கும்போது மதிப்பெண்ணுக்கு முன்னால், எந்த கான்ஃபிகரேஷனைச் சோதித்தார்கள் என்ற வரியைத் தேடுங்கள்.

2024இல் வந்த எம்3 ஏரில் ஆப்பிள் மறுபடி இரண்டு சில்லுக்குத் திரும்பியது.

*

2024 அக்டோபர் இறுதியில் ஆப்பிள் தன் மேக்புக் ஏர்களின் ஆரம்ப ராமை 8 ஜிபி-யிலிருந்து 16 ஆக்கியது. விலை ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. அதற்கு முந்தைய வாரம் 16 ஜிபி-க்குத் தனியாகப் பணம் கட்டியவர்களின் முகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

*

மேக்புக்கில் ஒவ்வொரு படி ஏறவும் கட்டணம் உண்டு. 2025இல் எம்4 ஏர் வந்தபோது இந்தியாவில் அதன் விலை 99,900 ரூபாய் (16 ஜிபி ராம், 256 ஜிபி ஸ்டோரேஜ்). ஸ்டோரேஜ் 512 ஆனால் 1,19,900. ராமும் 24 ஆனால் 1,39,900. அங்கே எதையும் பிறகு திறந்து மாற்றிக்கொள்ள முடியாது. பல விண்டோஸ் லேப்டாப்களில் எஸ்எஸ்டி-யையாவது பின்னால் மாற்றலாம். ஆகவே கணக்கு எளிது. பின்னால் மாற்ற முடியாதவற்றுக்கு, அதாவது போர்டோடு ஒட்டிய ராம், திரை, கீபோர்டு இவற்றுக்கு முதலிலேயே பணத்தைப் போடுங்கள். மாற்ற முடிவதைச் சின்னதாக வாங்குங்கள். 'லேட்டஸ்ட்' என்பது அதற்கெல்லாம் பிறகு.

*

இன்டெல் 2024 செப்டம்பரில் வெளியிட்ட 'லூனார் லேக்' சில்லுகளில் ராம் தனியாக இல்லை, சில்லின் பொதிக்குள்ளேயே இருக்கிறது. எவ்வளவு என்பதைப் பெயரின் கடைசி இலக்கமே சொல்லிவிடும். கோர் அல்ட்ரா 7 258வி என்றால் 32 ஜிபி, 256வி என்றால் 16 ஜிபி. 8க்கு 32, 6க்கு 16. விற்பனையாளர் தாளில் என்ன எழுதியிருந்தாலும் இந்த இலக்கத்தை நம்பலாம். இன்னொரு வேடிக்கை, இதன் முக்கியப் பகுதியைத் தயாரித்துக் கொடுத்தது தைவானின் டிஎஸ்எம்சி. இன்டெல்லின் சொந்த ஆலை இல்லை.

*

ஒரே ராம் குச்சி போட்ட லேப்டாப்பில் கிராபிக்ஸின் பெயரே மாறிவிடும்! 11, 12ஆம் தலைமுறை இன்டெல் லேப்டாப்களில் 'ஐரிஸ் எக்ஸ்இ' கிராபிக்ஸ் என்று விளம்பரம் இருக்கும். ராம் இரட்டைத் தடத்தில் ஓடினால்தான் அந்தப் பெயர் தெரியும். 8 ஜிபி ஒற்றைக் குச்சியோடு விற்றால், அதே சில்லு கணினிக்குள் 'யூஎச்டி கிராபிக்ஸ்' என்று காட்டும். இன்னொரு குச்சி செருகியதும் பெயர் மாறும், வேகமும் ஏறும். ஒரே ஒரு குச்சியில் இவ்வளவு பலன் தரும் வேறு மேம்பாடு லேப்டாப்பில் அரிது.

*

'ராமை அப்புறம் போட்டுக்கலாம், விலை குறையும்' என்பது பல வருடமாகப் பலித்த ஆலோசனை. 2025 கடைசியில் அது பொய்த்தது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போக, சில்லறைச் சந்தையில் ராம் விலை எகிறியது. அந்த டிசம்பர் 3ஆம் தேதி மைக்ரான் நிறுவனம், சொந்தமாகக் கணினி சேர்ப்பவர்கள் நன்கு அறிந்த தன் 'குரூஷியல்' பிராண்டை நுகர்வோர் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்வதாக அறிவித்தது.

*

ஒட்டிய ராமின் வேகமும் வேண்டும், மாற்றும் வசதியும் வேண்டும் என்பவர்களுக்காக 'காம்' என்ற, திருகி மாட்டும் தட்டையான ராமை 2022இல் டெல் கொண்டுவந்தது. 2023 டிசம்பரில் அது பொதுத் தரமானது. நல்ல யோசனை, ஆனால் நடுத்தர விலை லேப்டாப்களில் இன்னும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

*

2023 டிசம்பர் 14 அன்று 'ஏஐ பிசி-யின் காலம் வந்தது' என்று முழங்கி இன்டெல் 'மீட்டியர் லேக்' வரிசையை வெளியிட்டது. அதிலிருந்த நரம்பியல் செயலியின் திறன் நொடிக்குச் சுமார் 11 லட்சம் கோடி கணக்குகள். 2024 மே 20 அன்று மைக்ரோசாஃப்ட் 'கோபைலட் பிளஸ் பிசி' என்ற தகுதியை அறிவித்தது. குறைந்தபட்சம் 40 லட்சம் கோடி கணக்குகள், 16 ஜிபி ராம், 256 ஜிபி ஸ்டோரேஜ் வேண்டும். ஆக, 'ஏஐ' என்ற ஸ்டிக்கருக்காகவே வாங்கியவர்களின் புது லேப்டாப் ஐந்தே மாதத்தில் தகுதியிழந்தது. அந்தத் தகுதி பெறாதவர்கள் எதை இழந்தார்கள் என்பது வேறு கேள்வி. அதன் முக்கிய அம்சமாகக் காட்டிய 'ரீகால்', திரையில் தெரிவதையெல்லாம் படமெடுத்து வைக்கும் வசதி, பாதுகாப்பு பற்றி எழுந்த கண்டனத்தால் விற்பனை தொடங்கும் முன்பே தள்ளிவைக்கப்பட்டது.

*

கோபைலட் பிளஸ் என்று 2024 ஜூனில் முதலில் வந்தவை எல்லாம் குவால்காமின் ஸ்னாப்டிராகன் லேப்டாப்கள். பேட்டரி நன்றாக நிற்கும், காற்றாடிச் சத்தம் குறைவு. ஆனால் வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இன்டெல் லேப்டாப்புக்கு எழுதிய பழைய மென்பொருள்களை விண்டோஸ் இதில் மொழிபெயர்த்து ஓட்டிவிடும். டிரைவர்களை அப்படி ஓட்டாது, அவற்றை ஸ்னாப்டிராகன் போன்ற ஆர்ம் சில்லுகளுக்கென்றே தனியாக எழுதியிருக்க வேண்டும். ஆபீஸில் இருக்கும் பத்து வருடப் பிரிண்டர், ஸ்கேனர், ஆடிட்டர்கள் ஜிஎஸ்டி தாக்கலுக்குச் செருகும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் இவற்றுக்கெல்லாம் அப்படி டிரைவர் இருக்கிறதா என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டே வாங்கவும். மாதம் 20ஆம் தேதி தாக்கல் நேரத்தில் தெரிந்துகொள்ளும் விஷயம் இல்லை இது.

*

கேமிங் லேப்டாப் வாங்கும் மகனோ மகளோ 'ஆர்டிஎக்ஸ் 4060 இருக்குப்பா' என்று சொன்னால் 'எத்தனை வாட்?' என்று கேளுங்கள். லேப்டாப்புக்கான 4060 சில்லை 35 வாட்டிலும் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம், எதில் ஓட்டுவது என்பது லேப்டாப் தயாரிப்பாளரின் முடிவு. பெயர் ஒன்றுதான். மேலே போகப் போகப் பெயர் இன்னும் ஏமாற்றும். மேசைக் கணினியின் ஆர்டிஎக்ஸ் 4090இல் 16,384 கோர்கள், 24 ஜிபி நினைவகம். லேப்டாப்பின் 4090இல் 9,728 கோர்கள், 16 ஜிபி.

*

திரை விஷயத்தில் விவரத்தாளில் '45% என்டிஎஸ்சி' என்று கண்டால் நிறங்கள் வெளிறித் தெரியும் என்று அர்த்தம். புகைப்படம், வடிவமைப்பு வேலை செய்பவர்கள் '100% எஸ்ஆர்ஜிபி' என்பதைத் தேட வேண்டும். 1920க்கு 1200 என்ற திரையில் பழைய 1920க்கு 1080-ஐவிட 120 வரிசைப் புள்ளிகள் அதிகம். எக்செல் பார்ப்பவர்களுக்கு அது உதவும், சினிமா பார்ப்பவர்களுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டைதான்.

*

512 ஜிபி என்று வாங்கி வந்தது விண்டோஸில் 476 என்று காட்டினால் கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். தயாரிப்பாளர் ஆயிரத்தின் மடங்குகளில் எண்ணுகிறார், விண்டோஸ் 1,024இன் மடங்குகளில் எண்ணுகிறது. 1 டிபி அதே கணக்கில் 931 ஆகும்.

*

பெரிய லேப்டாப்களின் பேட்டரி 99 வாட்-ஹவரைத் தொட்டு ஏன் நின்றுவிடுகிறது? 16 அங்குல மேக்புக் புரோவில் 99.6. விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோகக்கூடிய வரம்பு 100 என்பதுதான் காரணம்.

*

யூஎஸ்பி 3.0, யூஎஸ்பி 3.1 ஜென் 1, யூஎஸ்பி 3.2 ஜென் 1. மூன்று பெயர், வேகம் ஒன்றே, நொடிக்கு 5 கிகாபிட். பெயர் மட்டும் முன்னேறிக்கொண்டே இருந்தது.

*

லேப்டாப்பின் அடியைத் திருப்பிப் பாருங்கள், பிறந்த ஊர் பக்கத்திலேயே இருக்கலாம். லெனோவோவுக்குப் புதுச்சேரியில் ஆலை உண்டு. டெல் 2007இலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் தயாரிக்கிறது. எச்பி-யின் லேப்டாப்களும் அதே ஸ்ரீபெரும்புதூரில் ஃபிளெக்ஸ் ஆலையில் உருவாகின்றன. சில்லும் திரையும் கடல் தாண்டித்தான் வருகின்றன, சேர்ப்பது இங்கே.

உள்ளூர்த் தயாரிப்பை வளர்க்கும் நோக்கத்தில் 2023 ஆகஸ்ட் 3 அன்று மத்திய அரசு லேப்டாப் இறக்குமதிக்கு உரிமம் கட்டாயம் என்று உடனடி உத்தரவு போட்டது. மறுநாளே அதை அக்டோபர் இறுதிவரை தள்ளிவைத்தது. நவம்பர் 1 முதல் ஆன்லைனில் அனுமதி பெறும் முறை வந்தது. விலை எகிறும் என்று அவசரப்பட்டு அந்த வாரம் வாங்கியவர்கள் அவசரப்பட்டிருக்க வேண்டாம்.

*

லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18%. வரியோடு 80,000 ரூபாய் பில் என்றால் அதில் 12,203 ரூபாய் வரி. சொந்தத் தொழில் செய்பவர்கள் பில்லில் தங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போடச் சொன்னால், தொழிலுக்குப் பயன்படுத்தும் பட்சத்தில், அந்தத் தொகையை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். தீபாவளித் தள்ளுபடிக்காக மூன்று மாதம் காத்திருப்பவர்களில் சிலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

*

பழைய லேப்டாப்பே நன்றாக ஓடுகிறதே, எதற்குப் புதியது? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும். உங்களுடையது 8ஆம் தலைமுறையோ அதற்கு மேலோ என்றால், ஒரு எஸ்எஸ்டி-யும் ஒரு ராம் குச்சியும் போட்டுப் பாருங்கள். புதியது பற்றிய யோசனையை ஓரிரு வருடம் தள்ளிப்போட முடியும்.

*

வாங்குவது என்றே முடிவெடுத்துக் கடைக்குப் போய்விட்டீர்களா? காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பக்கத்தில் 'மெமரி'யைத் தட்டினால் ராம் எவ்வளவு, என்ன வேகம், எத்தனை ஸ்லாட்டில் எத்தனை நிரம்பியிருக்கிறது என்று வரும். 'ஃபார்ம் ஃபாக்டர்' என்ற இடத்தில் 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் ராம் பெரும்பாலும் போர்டோடு ஒட்டியது. அப்படியானால் இன்று எவ்வளவு வாங்குகிறீர்களோ அதுதான் அந்த லேப்டாப் மூச்சுவிடும்வரைக்கும். 8 ஜிபி என்றால் அடுத்த மேசைக்கு நகருங்கள், அங்கே நிற்கும் தம்பி என்ன ஆஃபர் சொன்னாலும்.